பிரவுன் வாத்தியார்

சில வாத்தியார்களுக்குக் கோபம் வரும், ஆனால் வெளியே வராது. அது பாதி வழியில் கிண்டலாக மாறிவிடும். அந்தக் கிண்டலும் மாணவர்களுக்குப் புரியாவிட்டால் அவர் யாரிடம் போய் அழுவார்? அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் தலைவர் ஜெரமி பிரவுன். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில், லண்டன் மாலை நேரப் பள்ளியில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் அப்பாவி.

1977 டிசம்பர் 30 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே அவர் தலையெழுத்து தெரிந்துவிடுகிறது. கையில் ஆக்ஸ்ஃபோர்டு பட்டம். முகத்தில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற சிரிப்பு. தலைமையாசிரியை மிஸ் கோர்ட்னிக்கோ ஆண் வாத்தியார் என்றாலே ஆகாது. போனால் போகிறதென்று, ஒரு மாதம் பார்ப்போம் என்கிறார். இதற்குமுன் அந்த வகுப்பை எடுத்தவருக்குப் புத்தி பேதலித்த கதையையும் கையோடு சொல்லிவைக்கிறார். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இவ்வளவு நேர்மையாக இருப்பது அபூர்வம். அப்போதே பிரவுன் நடையைக் கட்டியிருக்கலாம். இந்த இன வாத்தியார்களுக்கு அந்தப் புத்தி மட்டும் வராது.

உள்ளே பத்து பேர். பாகிஸ்தானின் அலி எதைக் கேட்டாலும் 'எஸ் ப்ளீஸ்' என்பார்; புரிந்ததா இல்லையா என்பது அல்லாவுக்கே வெளிச்சம். பக்கத்திலேயே ரஞ்சித் சிங், ஆயிரம் மன்னிப்பு கேட்டுவிட்டு ஆயிரத்தோராவது தப்பைச் செய்வார். ஜமீலா கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பார். பாடம் வளருமோ இல்லையோ, ஸ்வெட்டர் வளரும். சீனத்து சுங் சூ-லீ மாவோவின் சிவப்புப் புத்தகத்தைப் பிரித்தால், ஜப்பானியர் டாரோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இத்தாலிக்கார ஜியோவானிக்குக் கண் முழுக்க பிரெஞ்சுப் பெண் டேனியல் மேல். டேனியலுக்கு வாத்தியார் மேல். வாத்தியாருக்குக் கடிகாரத்தின் மேல்.

பிரவுன் கத்த மாட்டார். கண்ணை ஒரு நொடி மூடுவார், பெருமூச்சு விடுவார், பிறகு நிதானமாக ஒரு குத்தல் வார்த்தையை எறிவார். வேறு வகுப்பாக இருந்தால் மாணவன் தலைகுனிந்திருப்பான். இங்கே அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். குத்தல் புரிய வேண்டுமானால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்; ஆங்கிலம் தெரிந்தால் அவர்கள் ஏன் அங்கே வரப்போகிறார்கள்?

சரியாக வகுப்பு சந்தைக்கடையாகும் நேரம் பார்த்து மிஸ் கோர்ட்னி கதவைத் திறப்பார். பாடம் ஒழுங்காக நடந்த நேரத்தில் அவர் வந்ததாகச் சரித்திரமே இல்லை. மேலதிகாரிகளின் மூக்குக்கு அப்படி ஒரு சக்தி.

எழுத்தாளர் வின்ஸ் பவல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முத்திரை குத்தி உட்கார வைத்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. பார்ப்பவர்கள் எண்ணிக்கை நன்றாக இருந்தும் 1979-இல் தொடர் நின்றதற்கு அந்த உறுத்தல்தான் காரணம். நிறுத்தியவர் தொடரைத் தயாரித்த தொலைக்காட்சி நிறுவனத்தின் மைக்கேல் கிரேடு. வேடிக்கை என்னவென்றால், கேலிக்கு ஆளான இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமே அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1993-இல் இந்தியில் 'ஜபான் சம்பால்கே' என்ற பெயரில் அதே வகுப்பு மறுபடி கூடியது. வாத்தியாராக பங்கஜ் கபூர், பாடம் இந்தி. நாடு மாறினாலும் பெருமூச்சு மாறவில்லை.

நாம் சிரித்தது அலியைப் பார்த்தா, பிரவுனைப் பார்த்தா? பெரும்பாலும் பிரவுனைப் பார்த்துத்தான். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்ன அலி சந்தோஷமாக இருக்கிறார். சரியாகச் சொல்லத் தெரிந்தவர்தான் தலையில் கை வைத்து நிற்கிறார்.

பிரவுன் தேற மாட்டார் என்பதும் ஏற்கெனவே முடிவான விஷயம். என்றைக்கு அந்தப் பத்து பேரும் பிழையில்லாமல் பேசுகிறார்களோ, அன்றைக்கே தொடருக்கு மங்களம் பாடிவிட வேண்டியதுதான். 1979 வரை 29 பகுதிகள். 1986-இல் திரும்பி வந்து மேலும் 13. மாணவர்களுக்கு ஆங்கிலம் வராதவரைக்கும்தான் வாத்தியாருக்குச் சம்பளம் வரும். இது தெரிந்துதானோ என்னவோ, அந்த நல்ல மாணவர்கள் கடைசிவரை அவர் வயிற்றில் அடிக்கவே இல்லை.