வாராத் தெய்வம்: மேசை விளையாட்டில் சாமியை வில்லனாக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

வாராத் தெய்வமே வில்லன் ஆகும்;
வந்து நின்றபின் அதுவும் பூதமே.

இந்நூற்பாவின் பொருளாவது: பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஒரு தெய்வத்தை வில்லனாக வைக்க நினைக்கும் டன்ஜன் மாஸ்டர், அது என்னென்ன அட்டூழியம் செய்யும் என்று யோசிப்பதற்கு முன்னால், அது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வராத வரைக்கும்தான் அது தெய்வம். மேசைக்கு வந்துவிட்டால் அதற்கும் ஹிட் பாயின்ட் என்றொரு உயிர்க்கணக்கு எழுதியாக வேண்டும். கணக்கு எழுதிய எதையும் ஐந்தாறு பேர் கூடிப் பகடை உருட்டிக் கழித்துவிடலாம். நூற்பா செய்தவரும் உரை செய்தவரும் ஒருவரே ஆகையால், பொருள்கொள்வதில் இதுவரை கருத்து வேறுபாடு எழவில்லை.

துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. செய்தவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். டன்ஜன் மாஸ்டர் என்ற ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பூசாரியாகவோ அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஒரு கதைத்தொடரைக் கேம்பெய்ன் என்பார்கள். அது மாதக்கணக்கில் ஓடும். ஆட்கள் ஒழுங்காக வந்தால் வருடக்கணக்கிலும் ஓடும்.

இனி முன்னோர் கருத்து. 1976இல் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் எழுதிய 'காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்' என்ற கையேடு உலகத்துத் தெய்வங்களை எல்லாம் கூட்டி வந்து ஒவ்வொன்றுக்கும் ஹிட் பாயின்ட் போட்டுக் கொடுத்தது. அதற்கு முன்னுரை எழுதிய பதிப்பாசிரியர் டிம் காஸ்க்கின் நோக்கம் வேறு. கேட்டதையெல்லாம் வாரிக் கொடுத்து ஆட்டக்காரர்களை 44ஆம் லெவல் வரை வளர்த்துவிடும் டன்ஜன் மாஸ்டர்களுக்கு வெட்கம் வரட்டும் என்று நினைத்தார். நார்ஸ் தெய்வங்களின் தலைவரான ஓடினுக்கே 300 ஹிட் பாயின்ட்தான் என்றால் இவர்களெல்லாம் எம்மாத்திரம் என்பது அவர் வாதம். படித்தவர்கள் பலர் அதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடினை முடிக்க 300 போதும் என்ற தகவலாக எடுத்துக்கொண்டார்கள். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட முன்னுரைகளின் கதி பொதுவாக இதுதான். 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்திரனும் காளியும்கூட எண்களோடு இருந்தார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் யார் கண்ணிலும் அந்தப் பக்கம் படாமல் போனது ஒருவகையில் நல்லதே.

அதே 1980இல் வெளியான 'குவீன் ஆஃப் தி டீமன்வெப் பிட்ஸ்' என்ற ஆட்டத்தில் லோல்த் என்னும் சிலந்தித் தெய்வத்தை அவளுடைய இருப்பிடத்துக்கே போய்ச் சந்திக்கலாம். கவசக்கணக்கில் அவளைத் தொடுவதே கஷ்டம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஹிட் பாயின்ட் 66. எட்டு முகப் பகடையில் எட்டே விழுந்துகொண்டிருந்தால் ஒன்பது வெட்டு. ஒரு முழு இனமே காலம் காலமாகக் கும்பிட்டுவந்த தெய்வத்தின் கதை, மேசையில் இருக்கும் சிப்ஸ் பொட்டலம் தீர்வதற்குள் முடிந்துவிடும்.

எண்ணைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று ஒரு சாரார் கேட்பர். இதைச் சோதிக்க டியாமத்தைக் கொள்வோம். பாபிலோனியப் படைப்புக் கதையில் அவள் உப்புக்கடலின் தாய். மார்டுக் அவளைக் கொன்று இரண்டாகப் பிளந்து வானம், பூமி செய்தான். இந்த விளையாட்டில் அவள் ஐந்து நிறத்தில் ஐந்து தலை கொண்ட டிராகன் அரசி. 1977ஆம் வருடத்து 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் அவளுக்கு 128 ஹிட் பாயின்ட். 2014இல் வந்த 'தி ரைஸ் ஆஃப் டியாமத்' ஆட்டத்தில் 615. அதாவது 37 வருடத்தில் 4.8 மடங்கு, கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 4.3 விழுக்காடு. இதே வேகத்தில் போனால் 2100இல் அவளுக்கு ஏறத்தாழ 23,600 ஹிட் பாயின்ட் இருக்கும். ஆட்டக்காரர்களின் வாளும் மந்திரமும் அவளோடு கூடவே வளர்ந்துகொண்டிருப்பதால் பயம் மட்டும் 1977இல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது எம் கணிப்பு. மேற்படி கணிப்பு பொய்த்தால் 2100இல் வந்து கேட்கவும்.

ஆக, பலம் வில்லனைச் செய்யாது. அந்த 2014 ஆட்டத்தில் உண்மையில் பதற வைப்பது 615 அல்ல. அவள் நரகத்தின் முதல் அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது. அடியார்கள் ஐந்து டிராகன் முகமூடிகளைத் தேடிச் சேர்த்துச் சடங்கு நடத்தி அவளுடைய கோயிலையே மேலே இழுத்துவர வேண்டும். ஒவ்வொரு முகமூடி கைமாறும்போதும் மேசையில் பேச்சு குறைகிறது. அவள் வந்து நின்ற பிறகு நடப்பது பெரிய சண்டைதான், சந்தேகமில்லை, ஆனால் சண்டைதான்.

வாராமைக்கு அச்சில் உள்ள சான்றுகள் ஏராளம். கைகாக்ஸ் 1982இல் எழுதிய ஓர் ஆட்டத்தின் தலைப்பிலேயே தாரிஸ்டன் என்ற தெய்வத்தின் மறக்கப்பட்ட கோயில் வருகிறது. கோயில் உண்டு, கறுப்பு உண்டு, குளிர் உண்டு, சாமி இல்லை. மற்றத் தெய்வங்கள் சேர்ந்து அதை எங்கோ பூட்டி வைத்திருக்கின்றன. 1989இல் வந்த அவதார் நாவல் வரிசையில் நேர்மாறான பரிசோதனை நடந்தது. பேன், மிர்குல் என்ற இரு கெட்ட தெய்வங்கள் விதிப்பலகைகளைத் திருடிவிட, மேலதிகாரியான ஏயோ தெய்வங்கள் அனைத்தையும் மனித உடம்போடு மண்ணுக்குத் தள்ளிவிட்டு, ஹெல்மை மட்டும் வானத்துப் படிக்கட்டில் காவலுக்கு நிறுத்தினார். மண்ணுக்கு வந்த தெய்வங்களுக்கு என்ன ஆயிற்று? பேன் செத்தான், மிர்குல் செத்தான், படியேறப் பார்த்த மந்திர தெய்வம் மிஸ்ட்ராவைக் காவலாளியே கொன்றான். நூற்பாவின் இரண்டாம் அடிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வாராமைக்குப் புறக்காரணங்களும் உண்டு என்று இங்கே குறித்து வைப்பது முறை. திகில் கதைகளிலிருந்து வந்த க்துலு முதலானோர் 1980ஆம் வருடத்து 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலின் முதல் அச்சுகளில் இருந்தார்கள்; அவர்களுக்கான உரிமம் வேறொரு விளையாட்டு நிறுவனத்திடம் இருந்ததால் பிந்தைய அச்சுகளில் காணாமல் போனார்கள். பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று அமெரிக்கப் பெற்றோர் சிலர் கிளப்பிய கூச்சலுக்குப் பின், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய்களும் பிசாசுகளும் பெயரை மாற்றிக்கொண்டு வாழ வேண்டியதாயிற்று. வக்கீலுக்கும் அம்மாக்களுக்கும் பயந்து ஒதுங்கிய அளவுக்கு எந்த வீரனுக்கும் அவை பயந்ததில்லை.

ஆனால் வாராமையின் சிகரம் வெக்னாதான். 1976இல் 'எல்ட்ரிச் விசார்ட்ரி' நூலில் வெக்னா என்பவன் இல்லை. எப்போதோ அழிந்துபோன ஒரு பிண மந்திரவாதியின் கையும் கண்ணும் மட்டும் இருந்தன. அந்தக் கையின் சக்தி வேண்டுமென்றால் உன் கையை வெட்டிவிட்டு அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கண் வேண்டுமென்றால் உன் கண்ணைத் தோண்டிவிட வேண்டும். ஆள் நேரில் வருவதற்கு 1990 வரை ஆயிற்று. அந்தப் பதினான்கு வருடம் அவன் செய்த வேலையை வந்த பிறகு செய்தானா என்பது ஐயமே. இதையொட்டி இத்துறையில் ஒரு கதை வழங்குகிறது. ஒரு கோஷ்டி ஆட்டக்காரர்கள் எதிர்க்கோஷ்டியை ஏமாற்ற ஒரு சாதாரணத் தலையைப் புதைத்து வைத்து, வெக்னாவின் தலை கிடைத்துவிட்டதாம் என்று புரளி கிளப்பினார்கள். எதிர்க்கோஷ்டி அதைத் தோண்டி எடுத்தது. தங்களில் ஒருவன் தலையைத் தாங்களே வெட்டி, இதைப் பொருத்திப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. பொருத்தியதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து அடுத்தவன் தலையை வெட்டினார்கள். வெக்னாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வராமலே, இல்லாத ஒரு உறுப்பைக் கொண்டே, இரண்டு பேரைத் தீர்த்த வில்லன் வேறு யார்?

இனி செய்முறை. விடுப்புக் கடிதம் எழுதத் தெரிந்த எவருக்கும் தெய்வ வில்லனை எழுத வரும் என்பது எம் துணிபு. காரணத்தை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள்: சிறை, சாபம், தூக்கம். எழுத மறப்பது, விடுப்பு முடியும்வரை பொறுப்பு யார் என்பதை. பொறுப்பில் இருப்பவனைத்தான் ஆட்டக்காரர்கள் முதல் வாரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள், பேசப் போகிறார்கள், வெறுக்கப் போகிறார்கள். பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் நாற்பது பக்கத்துக்குத் தல வரலாறு எழுதிவைக்கும் டன்ஜன் மாஸ்டர்களை யாம் அறிவோம். அந்த நாற்பது பக்கத்தை அவரைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

உதாரணம் ஒன்று. கடலடியில் புதையுண்ட தெய்வம். மலையோர ஊரிலுள்ள அதன் பழைய கோயிலில் மணி ஒலித்தால்தான் அது எழும். மணி இருக்கிறது, நாக்கு இல்லை. முந்நூறு வருடத்துக்கு முன் விவரம் தெரிந்த யாரோ அந்த நாக்கைக் கழற்றி உருக்கி, ஊரார் வீட்டுக்கெல்லாம் வெண்கலச் சாவியாக வார்த்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் ஆட்டத்தில் சந்தையில் ஒரு கிழவர் பழைய சாவிகளை எடைக்கு எடை வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். மகன் கடலில் போனவன். அவனைத் திருப்பித் தருவதாகத் தெய்வம் சொல்லியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் கையில் காசில்லை. போன குகையில் கிடைத்த சாவி ஒன்று இருக்கிறது. விற்பார்கள். நிச்சயம் விற்பார்கள், எந்த மேசையிலும் முதல் லெவலில் காசு வேண்டாம் என்றவர் இல்லை. ஒன்பதாம் லெவலில் ஒரு சுவரோவியத்தின் முன்னால் நின்று, சாவியும் மணியும் அடுத்தடுத்து வரையப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது மேசையில் யாரோ ஒருவர் பழைய நோட்டைப் புரட்டத் தொடங்குவார். அந்த நிமிடத்துக்கு ஹிட் பாயின்ட் தேவையில்லை.

வராமலே முடித்துவிடலாமா என்றால், கூடாது. கடைசியில் ஒருமுறை வந்துதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் டன்ஜன் மாஸ்டரைச் சும்மா விடமாட்டார்கள். வந்த தெய்வத்தை எப்படி நடத்துவது என்பதற்கு 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சியின் முதல் கேம்பெய்ன் நல்ல பாடம். மேத்யூ மெர்சர் நடத்திய அந்த ஆட்டம் 2017 அக்டோபரில் முடிந்தது. இறுதி வில்லன் தெய்வமாகிவிட்ட வெக்னா. அவனைக் கொல்வதல்ல, கட்டி வெளியேற்றுவதுதான் திட்டம். சண்டையின் நடுவே வெக்னா மந்திரம் சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். சாம் ரீகல் ஆடிய ஸ்கான்லன் என்ற பாடகனிடம் ஒன்பதாம் நிலை மந்திரம் ஒன்றுக்குச் சக்தி மிச்சம் இருந்தது. சாவுத் தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்ட நண்பன் வாக்ஸை மீட்க, வரம் கேட்கும் 'விஷ்' மந்திரத்துக்காக அதைச் சேர்த்து வைத்திருந்தான். அதையே செலவழித்து வெக்னாவைத் தடுத்தான். தெய்வம் நின்றது; நண்பன் போனான். ரீகல் மேசையிலேயே கண் கலங்கினார். வெக்னாவுக்கு அன்று எத்தனை ஹிட் பாயின்ட் என்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அந்த ஒன்பதாம் நிலையை நினைவு வைத்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது ஒரு தடை. கெட்ட சாமிக்கு விடுப்புக் கடிதம் எழுதியாயிற்று. பூசாரியாக ஆடுபவர் கேட்பார்: "சரி, நம்ம சாமி ஏன் வரல?" இரவு பத்தரை மணிக்குக் கேட்பார்; தயாராக இருக்க வேண்டும். இதற்கு 2014ஆம் வருடத்து விதிநூலே விடை வைத்திருந்தது. பத்தாம் லெவல் பூசாரி தெய்வத்தை அழைக்கலாம். நூறு வரை எண்ணும் பகடையை உருட்டித் தன் லெவலுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தெய்வம் வரும். பத்தாம் லெவலில் நூற்றுக்குப் பத்து. வந்தால் அடுத்த ஏழு நாளைக்குக் கூப்பிடக்கூடாது. இருபதாம் லெவலில் பகடையே வேண்டாம், கூப்பிட்டால் வரும். மீதித் தொண்ணூறுக்கு ஏன் வரவில்லை என்று எந்தப் பூசாரியும் கேட்டதில்லை; பகடை சொல்லிவிட்டதல்லவா.

2024 திருத்தத்தில் அந்தப் பகடையை எடுத்துவிட்டார்கள். இப்போது பத்தாம் லெவலிலேயே, ஓய்வெடுத்து எழுந்தால் மறுபடி கூப்பிடலாம். தெய்வமும் தவறாமல் அருளும், ஐந்தாம் நிலை மந்திரம் வரைக்கும். நல்ல தெய்வம் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வரத் தொடங்கியபின், பத்தாம் லெவலில் ஐந்துக்கு மேல் ஏன் ஏறாது என்பதற்கு அதன் பேரிலும் ஒரு கடிதம் எழுதிவைப்பது டன்ஜன் மாஸ்டர் தலையில் விழுந்திருக்கிறது. வில்லனுக்கு எழுதியதைவிட அதை எழுதுவது கடினம்; பூசாரியாக ஆடுபவர் அதை வரிக்கு வரி படிப்பார்.