மாக்ஸ்வெல் மருமவன்

வாரும் மருமவனே, வாரும்! பிஎம்டி எமுலேட்டர்ல ஒரு மணி நேரம் மாக்ஸ்வெல் ஸ்கேன் ஓட்டிட்டு, எரரு ஒண்ணுகூட விழலன்னு 'பாஸ்' எழுதிட்டீராம்லா! குழிக்குள்ள கெடந்து ஃபைபரு ஒட்டுன எனக்கெல்லாம் இந்தத் தைரியம் வராதுய்யா.

ஃபைபருக்குள்ள சுத்த வட்டம் கெடையாது. நெளிசலும் அமுக்கமும் உண்டு. ஒண்ணா அவுத்துவிட்ட சோடி மாட்டுல ஒண்ணு முந்தி தொழுவத்துக்கு வருதுல்லா, அதுமாதிரி ஒளியோட ரெண்டு போலரைசேஷன்ல ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். இதுக்குப் பேருதான் பிஎம்டி (போலரைசேஷன் மோட் டிஸ்பர்ஷன்). அந்த இடைவெளியப் பிகோசெகண்டுல அளக்காவ. ஒரு வினாடிய லட்சம் கோடியாக் கூறு போட்டா அதுல ஒரு கூறு. 10 கிகாபிட் லைன்ல ஒரு பிட்டுக்கு இருக்குத எடமே 100 பிகோசெகண்டுதான். சராசரி இடைவெளி 10க்குள்ள நின்னா பொழைச்சோம்னு பழைய ரிசீவருகளுக்கு ஒரு கணக்கு.

ஆனா சராசரின்னா சராசரிதான்வே! வெயிலு ஏறுனா மாறும், கேபிள அசைச்சா மாறும். சராசரிக்கு மூணு மடங்கு, அதாவது 30, தாண்டுதது ஏறக்குறைய 24,000 தடவையில ஒரு தடவ. வருசத்துக்குக் கூட்டிப் பாத்தா சுமார் 22 நிமிசம். கஸ்டமரு போன் போட்டு வையுதது அந்த 22 நிமிசத்துலதான்.

மாக்ஸ்வெல் கணக்குப்படி இடைவெளிய மாத்தி மாத்தி ஓட்டுததுதான் உம்ம ஸ்கேன். நீரு ஒரு நிலைக்கு, அதாவது ஒரு இடைவெளிக்கு, ஒரு வினாடி வச்சீரு. மணிக்கு 3,600 நிலை. வில்லங்கமான அந்த ஒரு நிலையப் பாக்கணும்னாலே ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆவும். நீரு அதுக்குள்ள டீக்கடைக்குப் போயிட்டீரு.

"அப்போ வேகத்தக் கூட்டுதேன் மாமா"ம்பீரு. கூட்டும்! ஒரு நிலைக்கு 10 மில்லி செகண்டுன்னா நாலு நிமிசத்துல முடிஞ்சிரும். ஆனா அந்த 10 மில்லி செகண்டுல 10 கோடி பிட்டுதான் ஓடும். லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு எரருன்னு பாக்கணும்னா, ஒரே நிலையில 100 வினாடி நிக்கணும்லா? பெரிய கோளாறு மாட்டும். நுணுக்கமான கோளாறு உம்ம பக்கத்துல நின்னு சிரிச்சிட்டுப் போயிரும்.

இன்னொண்ணு கேளும். முந்துத, பிந்துத அந்த ரெண்டு போலரைசேஷனுக்கு முதன்மை நிலைன்னு பேரு. ஒளி முழுசும் அதுல ஒண்ணுலயே போனா, இடைவெளிய எவ்வளவு கூட்டுனாலும் ரிசீவருக்கு உறைக்காது. பூல், வாக்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருக 1986லயே இந்த முதன்மை நிலைகளப் பத்தி எழுதி வச்சிட்டாவ. நீரு போலரைசேஷனத் தொடவே இல்லையாமே? எப்படி எரரு விழும்?

மொதல்ல ஸ்டெப் ஸ்கேன் போடும். ஒளி ரெண்டு பக்கமும் சரிபாதியாப் பிரியுத மாதிரி வச்சு, பூஜ்யத்துல இருந்து 30 வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் நிதானமா நின்னு ஏறும். எந்தப் படியில ரிசீவரு மூச்சுத் திணறுதுன்னு குறிச்சுக்கிடும். அதுக்கப்புறம் போலரைசேஷனக் கலைச்சுவிடுத ஸ்கிராம்ப்ளரையும் சேத்து விட்டு மாக்ஸ்வெல்ல ராத்திரி பூரா ஓட விடும். நீரு கண்ணு முழிச்சுக் காவக் காக்காண்டாம், ஓய். எரரு விழுந்த நேரத்த மிஷினே எழுதி வைக்கும். உம்ம மாதிரி அதுக்குக் கண்ணு சொக்காது.