அரே எல்லை எச்சரிக்கையை ஒழிக்க ஆறு வழிகள்

சி கோடு உங்கள் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிசிசி கம்பைலர், 'அரே எல்லையைத் தாண்டுகிறாய்' என்று கத்துகிறது. பதற வேண்டாம்.

1. ஆப்டிமைசேஷனை அணையுங்கள். இந்த எச்சரிக்கை பெரும்பாலும் ஓ2 நிலையில்தான் வரும், ஓ0-வில் மிகக் குறைவு. நிரல் நொண்டினால், 'ஸ்திரத்தன்மைக்காக' என்று மேனேஜரிடம் சொல்லுங்கள்.

2. சுட்டிய வரியை முறைத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. கம்பைலர் பேசுவது நீங்கள் எழுதிய கோடைப் பற்றியே அல்ல. ஃபங்ஷன்களை இன்லைன் செய்து, லூப்பைப் பிரித்துப் போட்டு, இஃப்-களைக் கிளை கிளையாகப் படியெடுத்து, அதில் ஏதோ ஒரு படியில் இன்டெக்ஸ் எல்லையைத் தாண்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் கிளைக்குள் நிரல் ஒருநாளும் போகாதென்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

3. ஹார்டுவேர் பக்கம் வேலை செய்பவரா? இன்னும் வேடிக்கை. 4096-க்குக் கீழான முகவரியை நேரடியாகத் தொட்டால், நல் பாயின்டரிலிருந்து வழி தவறி வந்ததாக ஜிசிசி கணக்குப் போடும். ஐபிஎம்மின் எஸ்390-இல் பூஜ்ய முகவரியில் 'லோகோர்' என்ற நினைவகப் பகுதி நிஜமாகவே குடியிருக்கிறது. அங்கே லினக்ஸ் கர்னலுக்கே திட்டு விழுந்தது.

4. பெரிய இடத்துப் பெயரைச் சொல்லுங்கள். 2022-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், ஜிசிசி 12-க்கு இந்த எச்சரிக்கையையே லினக்ஸ் கர்னலில் அணைத்தார். அதற்கு முன் இதே எச்சரிக்கையைக் கொண்டு கர்னலில் நிஜப் பிழைகளைத் திருத்தினார்களே என்று யாராவது ஆரம்பித்தால், டீ குடிக்கப் போய்விடுங்கள்.

5. எல்லாமே பொய் எச்சரிக்கை என்று முடிவு கட்டுங்கள். ஸ்பெக் சிபியு2006 என்ற பெஞ்ச்மார்க் தொகுப்பின் எச்264 வீடியோ நிரலில் ஒரு லூப், 16 இடமுள்ள அரேயில் பதினேழாவது இடத்தையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் நின்றது. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2013-இல் ஜிசிசி 4.8 வந்தது. 'இவர் எல்லை தாண்டவே மாட்டார், ஆகவே லூப் இன்டெக்ஸ் 16-ஐத் தொடாது' என்று உங்களைப் போன்றவர்களை நம்பி, லூப்பை நிறுத்தும் சோதனையையே தூக்கிவிட்டது. லூப் நிற்கவே இல்லை.

6. மேற்சொன்ன ஐந்தும் அலுத்துவிட்டால், ஓடும்போதே எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு நிரலை ஒருமுறை ஓட்டுங்கள். அது வாயைத் திறந்தால் பிழையைத் திருத்துங்கள். திறக்காவிட்டாலும் நீங்கள் ஓட்டிப் பார்த்த வழிகளுக்கு மட்டுமே அது சாட்சி. எனவே இன்டெக்ஸ் ஏன் எல்லைக்குள் நிற்கும் என்று ஒரு வரி காமென்ட் எழுதி, பிராக்மாவால் அந்த ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கையை அடக்குங்கள். அந்தக் காமென்டை எழுத முடியவில்லையா? அப்படியானால் கம்பைலர் சொன்னதுதான் சரி.