குழி எங்கே?

அயர்லாந்துக்காரர்கள் உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. டப்ளினில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், தட்டின் ஒரு பக்கம் மசித்த கிழங்கு, மறுபக்கம் வறுத்த கிழங்கு; போதாக்குறைக்கு “சிப்ஸும் வைக்கட்டுமா?” என்று ஒரு உபசாரம். 1845-இல் கருகல் நோய் வந்து பயிரை அழிக்கும்வரை, உழைப்பாளி ஒருவர் நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கை மோரோடு சாப்பிட்ட ஊர் இது. அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதனால் இவர்களுடைய கிழங்கில் கை வைக்கும்முன் யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

வைத்தது கோல்கானனில். கிழங்கை வேகவைத்து மசித்து, வெங்காயத்தாள் போட்டுக் காய்ச்சிய பாலை ஊற்றி, வெந்த கேல் கீரையையோ முட்டைகோஸையோ சேர்த்துக் கிளறுவார்கள். உப்பு உண்டு. மிளகும் உண்டு என்பார்கள். டப்பாவைத் தட்டுக்கு மேலே ஒருமுறை காட்டிவிட்டு மூடிவிடுவதை மிளகு போட்டதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் பக்கத்து நியாயம் இது: மிளகாயும் உருளைக்கிழங்கும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது. கிழங்கு ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனது. சொந்தத்தில் பெண் எடுக்கும் ஊரில் பிறந்தவளுக்கு இந்தச் சம்பந்தம் பேசக் கூச்சமா?

டப்ளினின் மூர் தெருவில் கறிவேப்பிலையும் மிளகாயும் கிடைத்தன. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து, சூட்டோடு ஒரு துணியைப் போட்டு மூடினேன். துணி ஈரத்தை இழுத்துக்கொண்டால்தான் கிழங்கு பொலபொலவென்று மசியும். வெண்ணெயை உருக்கிக் கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், மிளகாய் வற்றல் தாளித்து, கேலை அதிலேயே வதக்கிக் கொட்டிக் கிளறினேன். மஞ்சள்தூள் மட்டும் போடவில்லை. போட்டிருந்தால் பூரிக்கிழங்கு, அதற்கு ஏன் அயர்லாந்துக்கு வர வேண்டும்?

அன்று ஹாலோவீன். அன்றைக்குக் கோல்கானனுக்குள் சில சாமான்களை ஒளித்து வைத்துக் குறி பார்ப்பது இவர்களுடைய பழைய வழக்கம். மோதிரம் அகப்பட்டால் வருஷத்துக்குள் கல்யாணம். காசு அகப்பட்டால் பணம் சேரும். சட்டைப் பொத்தான் அகப்பட்டவன் கடைசிவரை பிரம்மச்சாரி. நான் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் நாலாவது வாயில் சட்டென்று நிறுத்தி, முழு மிளகாய் வற்றல் ஒன்றை வெளியே எடுத்தார். காம்பைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயபக்தியோடு கேட்டார்: “இதற்கு என்ன பலன்?”

“வெளியூர்ப் பயணம்” என்றார் என் கணவர்.

பெரியவர் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டார், ஃபிரிட்ஜ் வரைக்கும். பாலை மடக் மடக்கென்று குடித்துவிட்டுத் திரும்பி வந்து இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. சிப்ஸ், பொரித்த கோழி, மிளகாய், மசாலா எல்லாவற்றையும் ஒரே காகிதப் பையில் போட்டுக் குலுக்கி, ‘ஸ்பைஸ் பேக்’ என்று பெயரும் வைத்து ராத்திரியில் தின்கிற ஊர் இது.

பிரச்சினை அவர் மனைவியிடமிருந்து வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மிகுந்த மனத்தாங்கலோடு நிமிர்ந்தார். “குழி எங்கே?”

பரிமாறும்போது கிழங்கின் நடுவே குழி பறித்து வெண்ணெய் வைக்க வேண்டும். அது உருகித் தேங்கும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். “வெண்ணெயெல்லாம் தாளிப்பிலேயே சேர்ந்துவிட்டது” என்று விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாத வெண்ணெயை அந்த அம்மாள் வெண்ணெயாக மதிப்பதில்லை போலிருக்கிறது. பதில் பேசாமல் என் தட்டை இழுத்து, தன் கரண்டியாலேயே குழி பறித்து, எலுமிச்சம்பழ அளவு வெண்ணெயை வைத்து என் பக்கம் தள்ளினார்.

“அடுத்த தடவை மிளகாயைக் குறைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார், கணவர் தட்டை இழுத்துக்கொண்டே.