ஹால் டிக்கெட்டுக்கு முந்திய அழைப்பிதழ்

வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1985-இல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. பெண்ணைப் படிக்க அனுப்ப இங்கே யாருக்கும் மறுப்பில்லை. முடிக்க விடுவதில்தான் சிக்கல். ‘படிச்ச பொண்ணாத்தான் வேணும்’ என்று வருகிற மாப்பிள்ளை வீட்டார் ஐந்தாம் செமஸ்டரிலேயே தட்டை மாற்றிவிடுகிறார்கள். பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. கொட்டை எழுத்தில் மினுங்கும். ஹால் டிக்கெட் இன்னும் வந்திருக்காது. சீர்வரிசைக் கடனை அடைக்க தம்பிக்காரன் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டுச் சிங்கப்பூருக்குப் போயாச்சு. அரசுப் பள்ளியில் படித்தவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, வாஸ்தவம். ஆனால் அப்பத்தாவுக்குக் கண்ணை மூடுவதற்குள் பேத்தி கல்யாணம் பார்த்தாகணுமாம்; அதற்கு முன்னால் ஆயிரம் எம்மாத்திரம்? பெண் பார்க்கக் கிளம்புகிறவர்களே, பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது தேர்வு அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.