ஏரிக்கரையில் கொஞ்சம் குளிரும்

முதல் தடவை சிகாகோவுக்குக் கிளம்புகிறவர்களைப் பிடிக்கும் வியாதி ஒன்று உண்டு: காலண்டரை நம்புவது. மார்ச் 20 வாக்கில் வசந்தம் பிறந்துவிடுகிறது என்று காலண்டர் சொல்கிறது. மிச்சிகன் ஏரி காலண்டர் பார்ப்பதில்லை.

தாம்பரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் வந்தது. மகள் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறாள். "சம்மர்ல வாங்கப்பா, நல்லா இருக்கும்" என்றாள். சம்மர் என்று காதில் விழுந்தாலே அவருக்கு வியர்க்கும். "வெயில்ல காயறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கும்மா? ஏப்ரல்ல வர்றோம். வசந்தம்!" என்று சொல்லிவிட்டு எக்ஸெல்லைத் திறந்தார். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டிய இடம், ஆகும் நேரம், ஆகும் செலவு. காலமெல்லாம் கடன் மனுக்களைச் சலித்த கை அல்லவா, ஒரு நகரத்தையே சலிக்க உட்கார்ந்தது.

முதல் முட்டுக்கட்டை விசா மனுவில் வந்தது. பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா, அமெரிக்காவில் உளவு பார்க்கும் உத்தேசம் உண்டா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். எந்த ஒற்றன் இதற்கு 'ஆம்' போடுவான் என்று அவர் வெகுநேரம் ஆராய்ந்தார். "இல்லைன்னு போடுங்க. நீங்க யோசிக்கிறதைப் பார்த்தா எனக்கே சந்தேகம் வருது" என்றார் மனைவி.

அட்டவணையின் முதல் வரி பக்கிங்ஹாம் நீரூற்று. 1927இல் நகருக்கு அர்ப்பணிக்கப்பட்டது, பிரம்மாண்டமானது, படம் எடுத்தால் அள்ளும். எல்லாம் உண்மைதான். ஆனால் வழக்கமாக மே மாதத்தில்தான் அதில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் போனால் பெரிய கல் தொட்டியைச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு வரலாம். இரண்டாவது வரி, ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம். 1914இல் கட்டியது. மதில் முழுக்கப் படர்ந்த பச்சைக் கொடிக்குப் பேர்போனது. ஏப்ரலில் அந்தக் கொடி வெறும் சுள்ளி. உள்ளூர் அணியான கப்ஸ் 1908க்குப் பிறகு அடுத்த சாம்பியன் பட்டத்தை 2016இல்தான் வென்றது. 108 வருஷம் காத்திருந்த ரசிகர்களுக்குக் கொடி துளிர்க்கும்வரை காத்திருப்பது பெரிய காரியமில்லை. இவருக்கோ திரும்பும் டிக்கெட் இருக்கிறது. மூன்றாவது, ஏரிக்கரைக் கடற்கரைகள். கடல் இல்லாமலே கடற்கரை என்று சொல்லுமளவுக்குப் பெரிய ஏரி அது. குளிப்பதற்கு அவை திறப்பது மே கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டேக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

நான்காவது வரிக்கு அவர் பச்சை மை பூசி வைத்திருந்தார். சிகாகோ நதியைப் பச்சையாக்கும் வைபவம்! "அது மார்ச்லப்பா, செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு. சில மணி நேரத்துல கலர் மங்க ஆரம்பிச்சிடும்" என்றாள் மகள். 1962இல் தொடங்கிய வழக்கம் இது. நடத்துகிறவர்கள் பிளம்பர் சங்கத்துக்காரர்கள். எந்தக் கட்டடத்திலிருந்து நதிக்குள் கழிவுநீர் வருகிறது என்று துப்பறியக் குழாய்களில் ஊற்றிய சாயம்தான் இந்த யோசனைக்கு வித்து. பொடி ஆரஞ்சு நிறம். தண்ணீரில் விழுந்ததும் பச்சையாகிவிடும். திருப்பூரில் பிறந்த மனைவி குறுக்கிட்டார்: "எங்க நொய்யல்ல சாயப்பட்டறைக்காரங்க தினம் ஒரு கலர் விட்டாங்க. ஒருத்தரும் கைதட்டலை."

ஏரியை எக்ஸெல்லுக்குள் அடக்கவே முடியவில்லை. சிகாகோ வானிலை அறிக்கையில் வசந்தம் முழுக்க ஒரு வாக்கியம் ஓயாமல் வரும்: ஏரிக்கரையில் கொஞ்சம் குளிரும். இந்தக் 'கொஞ்சம்' பொல்லாதது. குளிர்காலம் முழுக்கக் குளிரைக் குடித்த ஏரித் தண்ணீர் லேசில் சூடேறாது. உள்நாட்டில் தரை சூடாகிக் காற்று மேலெழும்பினால், அந்த இடத்தை நிரப்ப ஏரிமேல் கிடந்த குளிர்காற்று ஊருக்குள் நுழைகிறது. நேப்பர்வில்லில் அரைக்கைச் சட்டையோடு ரயிலேறியவர் மிச்சிகன் அவென்யூவில் பல் தந்தியடிக்க நிற்பது அபூர்வமல்ல. பத்து டிகிரி செல்சியஸ் வித்தியாசம்கூட இருக்கும். ஏப்ரலில் பனி விழுவதும் உண்டு. "அப்போ ஸ்வெட்டர் எந்தக் கட்டத்துல போடறது, காலையா மாலையா?" என்று கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை.

சிகாகோவுக்குத் திட்டமே இல்லாமல் போனவர்களில் தலைசிறந்தவர் விவேகானந்தர்தான். அவரை அனுப்பி வைத்ததில் பெரும்பங்கு சென்னைக்காரர்களுடையது. அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார்கள். பணம் சேர்ந்தது, தேதியை யாரும் விசாரிக்கவில்லை. 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியவர் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக ஜூலைக் கடைசியில் சிகாகோ சேர்ந்தார். அவர் பேச வேண்டிய சர்வசமய மாநாடோ செப்டம்பரில். அதில் பேச அறிமுகக் கடிதம் வேண்டும். அது கையில் இல்லை. பெயர் பதிவதற்கான தவணையும் முடிந்திருந்தது. கம்பளி உடை கொடுத்தனுப்பவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பசிபிக் குளிரில் நடுங்கியபடி வந்திருக்கிறார். ஊரில் விலைவாசி கையிருப்பை விழுங்கத் தொடங்கவே, செலவு குறைவென்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் பரிச்சயமாகி, கடிதம் கொடுத்து அனுப்பினார். சிகாகோவுக்குத் திரும்பி வந்தால் மாநாட்டு அலுவலக முகவரி தொலைந்துவிட்டிருந்தது. ராத்திரி ரயில்வே யார்டில் படுத்தார். செப்டம்பர் 11 அன்று பேசினார். மாநாடு நடந்த கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட். வாசலில் ஓடும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரே சூட்டியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா, அவர் எக்ஸெல்லா போட்டார்?" என்றார் மனைவி. "அவர் சந்நியாசி, யார்டுல படுத்துக்கிட்டார். நீ படுப்பியா?" என்று இவர் கேட்டதும் பேச்சு அதோடு நின்றது.

சாப்பாட்டுக் கட்டம் சுலபமாக நிரம்பியது. சிகாகோவின் பெருமை ஹாட் டாக், மாட்டிறைச்சி. அதில் கெட்சப் ஊற்றினால் ஊர்க்காரர்கள் முறைப்பார்கள் என்பது உபரித் தகவல். சைவர்களுக்கு டீப் டிஷ் பீட்சா இருக்கிறது. 1943இல் பிட்சேரியா உனோ கடையில் பிறந்தது என்பார்கள். ஆர்டர் கொடுத்தால் வெந்து வர அரைமணிக்கு மேலாகும்; அதற்குள் பசி வந்து, போய், மறுபடி வந்துவிடும். தோசைக்கு டெவன் அவென்யூ. அந்தத் தெருவில் காந்தி பெயரில் ஒரு பகுதி, ஜின்னா பெயரில் ஒரு பகுதி. வட்டமேஜை போட்டும் நடக்காததைச் சிகாகோ மாநகராட்சி பெயர்ப்பலகை வைத்து நடத்திவிட்டது. பில்லுக்கு மேல் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் என்று மகள் சொன்னபோதுதான் வங்கிக்காரர் நிமிர்ந்தார். "பர்சனல் லோன் வட்டியைவிட ஜாஸ்தியா இருக்கே!"

பெட்டியில் மனைவி முதலில் வைத்தது கறிவேப்பிலை. மகள் அலறினாள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதில் ஒட்டிவரும் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு எமன். உத்தேசம் இல்லை என்று விசா மனுவில் எழுதிக் கொடுத்த குடும்பம் கறிவேப்பிலையோடு மாட்டிக்கொள்ள இருந்தது.

வில்லிஸ் டவர் மட்டும் எந்த மாதத்துக்கும் சரியாக வந்தது. 110 மாடி, 1,451 அடி. அதை நிற்க வைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவிலிருந்து போனவர். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்த அமைப்பில் காற்றைத் தாங்க வைத்தார். 103ஆவது மாடியில் கட்டடத்துக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. ஏறி நின்று காலடியில் பார்த்தால் தெரு தெரியும். வங்கிக்காரர் தன் பெயருக்கு எதிரில் 'ஆம்', மனைவி பெயருக்கு எதிரில் 'கீழே காத்திருப்பார்' என்று எழுதினார். மனைவி இரண்டையும் இடம் மாற்றினார்.

கடைசியில் மகளே அட்டவணையை அழித்துவிட்டு ஒரு வரி எழுதி அனுப்பினாள்: மே கடைசி வாரம். நீரூற்றில் தண்ணீர் இருக்கும், ரிக்லி கொடி பச்சையாகியிருக்கும், கடற்கரை திறந்திருக்கும், நதியில் படகேறி வானளாவிகளைப் பார்க்கலாம். முதல் தடவை போகிற யாருக்கும் இதுவே சரியான வாரம். ஆனால் ஏரிக்காற்று அப்போதும் ஓய்ந்திருக்காது. ஸ்வெட்டரைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.