சூரியனை வைத்துக்கொண்டே டீசல் எரிப்பது எப்படி?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் இந்த மூன்று தீவுகளுக்கும் நாட்டின் பொது மின்கம்பி எட்டவில்லை. டீசல் ஜெனரேட்டர்தான் கதி. இப்படியொரு தீவு உங்கள் பொறுப்பில் வருகிறதா? சோலாரும் போட்டதாக இருக்க வேண்டும், ஆனால் டீசல் செலவு குறைந்துவிடவும் கூடாதா? வழி இருக்கிறது.

1. முதலில் நாட்டைத் தெரிவுசெய்யுங்கள். தீவுக்கு எத்தனை கிலோவாட் தேவை என்பதைப் பிறகு பார்க்கலாம். 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில், இந்த மூன்று தீவுகளுக்கான சோலார், காற்றாலைத் திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு. 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 மார்ச் ஆயிற்று. அதுவரை ஜெனரேட்டர் எந்தத் தூதரகத்தையும் கேட்காமல் ஓடியது.

2. ஜெனரேட்டர் ஒன்றே போதும், பெரிதாக வாங்குங்கள். ஒரு பிடி அரிசிக்குக் கல்யாணக் கிடாரம் ஏற்றுவது போல. வெயில் ஏறச் சோலார் கூடும், ஜெனரேட்டரின் சுமை குறையும். கொள்ளளவில் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் டீசல் முழுதாக எரியாது. எஞ்சினுக்குள் கரி படியும், புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் கசியும். எஞ்சினைக் காப்பாற்ற, உச்சி வெயிலில் சோலாரை அடக்கிவைத்து டீசலை எரிக்க வேண்டிவரும். சின்னதும் பெரிதுமாக நாலைந்து ஜெனரேட்டர் வைத்து, தேவை குறையக் குறைய ஒவ்வொன்றாக நிறுத்துகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

3. பற்றரியில் மிச்சம் பிடியுங்கள். ஒரு மேகம் கடந்தால் சில நொடிகளில் சோலார் சரிந்துவிடும். பற்றரி இருந்தால் அந்த இடைவெளியை அது நிரப்பும். இல்லாவிட்டால், வரப்போகும் மேகத்துக்காக எஞ்சின் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தீவில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது பொழுதுபட்ட பிறகு என்பது இன்னும் வசதி. மேற்சொன்ன திட்டத்தில் 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,500 கிலோவாட் துணை டீசலுடன் 2,400 கிலோவாட் மணிநேரப் பற்றரியும் எழுதியிருக்கிறார்கள். செலவைக் குறைக்கச் சொன்னால் எந்த வரியில் பேனாவை வைப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

4. பணிவான இன்வேர்ட்டர் வாங்குங்கள். மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஜெனரேட்டர் வகுத்துக் கொடுத்தால்தான் சில இன்வேர்ட்டர்கள் வேலை செய்யும். டீசல் நின்றால் தாமும் நின்றுவிடும். தாமே வலையமைப்பைத் தாங்கி நடத்தும் வகையும் உண்டு. அதைத் தொடாதீர்கள்.

5. பகலில் செய்யக்கூடியதை இரவில் செய்யுங்கள். மீனுக்கான ஐஸ், தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் எல்லாம் வெயில் நேரத்தில் ஓடினால் சோலார் வீணாகாது. ஆகவே எல்லாவற்றையும் இரவு ஏழு மணிக்குப் போடுங்கள்.

6. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எதையும் பழக்காதீர்கள். உப்புக்காற்றில் ஒரு இணைப்பு துருப்பிடித்தால், கொழும்பிலிருந்து ஆள் வந்து குறிகட்டுவானில் படகேறட்டும். கடல் கொந்தளித்தால் அவர் அடுத்த கிழமை வருவார்.

7. அவுஸ்திரேலியாவின் கிங் தீவுக்குக் களப்பயணம் போகாதீர்கள். காற்று, சோலார், பற்றரி ஆகியவற்றைக் கொண்டு, டீசல் எஞ்சின்களை முற்றாக நிறுத்திவிட்டு ஊருக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தால் மனம் மாறக்கூடும்.

8. திறப்பு விழாவில் சோலார்த் தகடுகளை எண்ணிச் சொல்லுங்கள். மாதம் எத்தனை பரல் டீசல் இறங்குகிறது என்ற கணக்கு இறங்குதுறையிலேயே இருக்கட்டும். யாராவது அதைக் கேட்டால், தகடுகளின் எண்ணிக்கையை இன்னொரு முறை சொல்லுங்கள்.